பாரம் யாருக்கு? ஒரு திரைப்படம், ஒரு தீர்ப்பு, நமது கட்டிலோரம்

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ 2018ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தெரிவானது. 2020 பெப்ரவரியில் திரைக்கு வந்தது. நமது பகுதியில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களில் பலரும் “அது இந்தியாவுல நடக்கிற விசயம்” என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் வைத்தியசாலைகளில் வேலை செய்யும் சில நண்பர்களோடு இப்படத்தைப் பற்றிப் பேசக் கிடைத்தபோது அவர்கள் அப்படி ஒதுக்கவில்லை. “இதுல வாறத நாங்க வார்ட்டுல வேற மாதிரிக் காணுறம்” என்றார் ஒரு தாதி உத்தியோகத்தர். அந்த ‘வேற மாதிரி’ என்ன என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

கதை சிறியது. கருப்பசாமி நகரத்தில் இரவுக் காவலாளி. மனைவியை இழந்தவர், தங்கையின் குடும்பத்தோடு வாழ்பவர். விபத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. மகன் செந்தில் அவரைச் சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். சில நாட்களில் மரணச் செய்தி வருகிறது. தங்கையின் மகன் வீராவுக்குச் சந்தேகம். தேடிப்போகும் அவனுக்குத் தெரியவருவது ‘தலைக்கூத்தல்’. தென் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில், படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் குடும்பமே முடித்துவிடும் வழக்கம் அது. அண்மைக் காலத்தில் அந்த வேலையை ஊசியும் செய்கிறது.

படத்தின் பலம், அது யாரையும் அரக்கனாகக் காட்டாதது. கிராமத்தில் எல்லோருக்கும் விசயம் தெரியும். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. கஷ்டப்படாமல் போகட்டும் என்பதுதான் எல்லோருடைய நியாயமும். ஒரு கொலை எப்படிக் கருணையின் உடுப்பைப் போட்டுக்கொள்கிறது என்பதைக் கூச்சல் இல்லாமல் காட்டிய வகையில் இது முக்கியமான படம்.

ஆனால் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, கருப்பசாமி இறந்ததும் படம் வீராவின் படமாகிவிடுகிறது. குற்றம், சாட்சி, நீதி என்று கதை வெளியே ஓடுகிறது. படுத்திருந்த அந்த மனிதர் என்ன விரும்பினார், எதற்குப் பயந்தார், வலி எப்படியிருந்தது? குடும்பம் அவரிடம் கேட்கவில்லை. படமும் போதியளவு கேட்கவில்லை. இதற்கு முந்திய ஆண்டு, 2019இல், மதுமிதா இயக்கி வெளிவந்த ‘கேடி என்கிற கருப்புதுரை’ இதே தலைக்கூத்தலில் தொடங்கி வேறு பாதையில் போகிறது. அதில் நினைவின்றிக் கிடந்த கிழவர் விழித்தெழுந்து, பிள்ளைகளின் திட்டம் காதில் விழ, வீட்டைவிட்டு ஓடிவிடுகிறார். பிறகு ஓர் அநாதைச் சிறுவனோடு சேர்ந்து தன் ஆசைகளைப் பட்டியல் போடுகிறார். கலையாக ‘பாரம்’ கனமானது. ஆனால் ‘கேடி’ கேட்கும் கேள்வி பெரியது: படுக்கையில் கிடப்பவருக்கு இன்னும் ஆசைகள் இருக்கின்றனவே, அதை யார் விசாரித்தார்கள்?

இரண்டாவது குறை, வைத்தியத்துறையைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. இடுப்பெலும்பு முறிவு தீராத நோயல்ல. அறுவைச் சிகிச்சையால் பலர் மறுபடி எழுந்து நடக்கிறார்கள். அப்படியானால் வைத்தியசாலைக் கட்டிலுக்கும் கிராமத்துத் திண்ணைக்கும் இடையில் நடந்தது என்ன? செலவு யார் கணக்கு? வீட்டில் பராமரிக்க ஆள் உண்டா என்று யார் கேட்டார்கள்? “நாங்க கூட்டிட்டுப் போறம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது மகன், போகப்போவது தகப்பன். அந்தக் கையெழுத்தைத்தான் நமது தாதி ‘வேற மாதிரி’ என்று சொன்னார். நம்மிடம் தலைக்கூத்தல் கிடையாது. நோயாளியைக் கேட்காமல் அவருடைய முடிவைப் பிறர் எடுப்பது நம்மிடமும் உண்டு.

தாதியர் பேசிய வழக்கு

இதே கேள்வியை ஒரு நீதிமன்றம் எப்படிக் கையாண்டது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அருணா ஷான்பாக் மும்பாய் கேஈஎம் வைத்தியசாலையில் தாதி. 1973 நவம்பர் 27இல் அதே வைத்தியசாலையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவரது கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளைக்குப் பிராணவாயு போகாமல் அவர் உணர்விழந்த நிலைக்குப் போனார். தாக்கியவன் ஏழு வருடத் தண்டனையோடு வெளியே வந்தான். அருணா 2015 மே 18இல் நியூமோனியாவால் இறக்கும் வரை, நாற்பத்தொரு வருடங்களுக்கு மேலாக அங்கேயே கிடந்தார். அவரைப் பற்றி நூல் எழுதிய ஊடகவியலாளர் பிங்கி விராணி, அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7இல் நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் அதை மறுத்தார்கள். அதே தீர்ப்பில், வேறு நோயாளிகளின் விடயத்தில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கதவையும் திறந்துவைத்தார்கள்.

தீர்ப்பு நீளமானது, வெளிநாட்டு வழக்குகளை நிறையப் பேசுகிறது. ஆனால் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது மிகச் சாதாரணமான ஓர் உண்மை. அவர் எந்த இயந்திரத்திலும் இருக்கவில்லை. தாதியர் மசித்த உணவை வாயில் ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். அவ்வளவு காலம் படுத்திருந்தும் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை என்பது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 1973இல் அந்த வைத்தியசாலைக்கு வந்தேயிராத தாதியரும் அந்தக் கட்டிலைப் பொறுப்பேற்றார்கள். ஆகவே அவர் சார்பில் பேசும் உரிமை நூல் எழுதியவருக்கு அல்ல, பராமரித்தவர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம்.

தாதித் தொழிலுக்குக் கிடைத்த பெரிய மரியாதை இது. ஆனாலும் விமர்சனமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். “வாழட்டும்” என்ற தாதியரின் குரலும் அருணாவின் குரல் அல்ல. அன்பின் குரல்தான், ஆனால் இன்னொருவருடைய குரல். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அதே உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல், ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறையை இலகுவாக்கியது.

ஒரு சொல்லுக்குள் நாலு விசயம்

இவையெல்லாவற்றையும் தமிழில் நாம் ‘கருணைக்கொலை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். இந்தச் சொல் செய்யும் சேதம் பெரிது. வைத்தியர் தன் கையால் மரண ஊசி போடுவது ஒன்று. நெதர்லாந்தில் 2002 முதல் நிபந்தனைகளோடு சட்டம் அதை அனுமதிக்கிறது. வைத்தியர் மருந்தை எழுதிக்கொடுக்க, நோயாளி தானே அருந்திச் சாவது இரண்டாவது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் உள்ளது. இதுவே உதவியுடனான தற்கொலை. பலனில்லாத இயந்திரத்தை நிறுத்தி மரணத்தை அதன் வழியில் வரவிடுவது மூன்றாவது. வலிக்கு மோர்பின் கொடுப்பது நான்காவது. முதல் இரண்டும் சாவை நோக்கமாகக் கொண்டவை. மூன்றாவது நோயைத் தடுக்க முடியாது என்ற ஒப்புதல். நான்காவது வெறும் வைத்தியம்.

சொல் ஒன்றாக இருப்பதால் பயமும் ஒன்றாகிவிடுகிறது. மோர்பின் என்றதும் “அத அடிச்சா ஆள் முடிஞ்சிரும்” என்று குடும்பம் பதறுகிறது. முறையான அளவில், வலிக்கேற்ப ஏற்றிக் கொடுக்கப்படும் மோர்பின் ஆளைக் கொல்வதில்லை என்பது வலிநிவாரண வைத்தியத்தின் நீண்டகால அனுபவம். பயத்தினால் அதை மறுத்தால், நோயாளி தாங்கமுடியாத வலியில் கிடக்கிறார். பிறகு அவர் வாயாலேயே “என்ன எடுத்துரு றப்பே” என்று வருகிறது. சாவைக் கேட்கும் பல குரல்களுக்குப் பின்னால் நிற்பது, கிடைக்காத வலிமருந்து.

நமது நாட்டுச் சட்டத்தில் இந்த வேறுபாடுகள் தெளிவாக எழுதப்படவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நமக்கு அடிப்படை. அதன் 299ஆம் பிரிவு தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்கு மரண தண்டனை என்கிறது. அதே பிரித்தானிய மரபில் வந்த இந்தியச் சட்டத்தில் இக்குற்றத்துக்கு உச்சத் தண்டனை பொதுவாகப் பத்து வருடச் சிறை. இங்கு 1976க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் பிரிவு அப்படியே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 302ஆம் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. அதாவது தாங்காமல் முயன்றவர் குற்றவாளி அல்ல, அவருக்கு உதவியவர் குற்றவாளி. இந்த ஏற்பாடு சரியானதே என்பது என் நிலைப்பாடு. பலவீனமான நேரத்தில் இருக்கும் ஒருவரைப் பிறரிடமிருந்து சட்டம் காக்கத்தான் வேண்டும். ‘பாரம்’ காட்டுவதும் அந்தத் தேவையைத்தான். ஆனால் வலிமருந்து கொடுக்கும் தாதியும், பலனில்லாத இயந்திரத்தைப் பற்றிக் குடும்பத்தோடு பேசும் வைத்தியரும் இதே பிரிவின் நிழலைப் பார்த்துப் பயப்படும் நிலை இருக்கக்கூடாது. வைத்தியசாலை மட்டத்தில் எழுத்திலான வழிகாட்டலும், பேசியதையும் தீர்மானித்ததையும் நோயாளியின் பதிவேட்டில் எழுதும் பழக்கமும் அவர்களைக் காக்கும்.

ஹராம் என்பதோடு முடிந்துவிடுமா?

நமது மார்க்க உரைகளில் இந்த விடயம் பொதுவாக ஒரே வரியில் முடிந்துவிடும்: தற்கொலை ஹராம், உதவுவதும் ஹராம். தீர்ப்பில் கருத்து வேறுபாடு இல்லை. உயிரைக் கொடுத்தவன் அல்லாஹ், எடுப்பவனும் அவனே. 1981இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கக் கோவையும் இரக்கத்தின் பெயரால்கூட வைத்தியர் உயிரை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அதே கோவை, வாழ்வைக் காப்பதுதான் வைத்தியரின் வேலை, சாவை இழுத்தடிப்பது அல்ல என்ற கருத்தையும் சொல்கிறது. முதல் பாதியை நாம் மிம்பரில் கேட்கிறோம். இரண்டாம் பாதியைக் கேட்பது அரிது.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்வது பொதுவாக விரும்பத்தக்கது. எல்லா நிலையிலும் கட்டாயம் அல்ல. வலிப்பு நோயோடு நபியவர்களிடம் வந்த பெண்ணுக்குப் பொறுமையா, சுகத்துக்கான துஆவா என்று தெரிவு கொடுக்கப்பட்டதை உலமாக்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அந்த ஹதீஸில் முக்கியமாகப் படுவது, அவரிடம் கேட்கப்பட்டது என்பதுதான். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, மூளை முற்றாகச் செயலிழந்ததை நிபுணர்கள் உறுதிப்படுத்தினால், இதயம் இயந்திரத்தால் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவிகளை அகற்றலாம் என்று முடிவு செய்தது. அடுத்த வருடமே நமது நாட்டில் மனித இழைய மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றுக்கொண்டது. சட்டமும் ஃபிக்ஹும் இந்த இடத்தில் அருகருகே நிற்கின்றன. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மகனுக்கு இது தெரியாது. “மெசின எடுத்தா நாங்கதான் கொன்ட மாதிரி” என்று அழுகிறான். அவனுக்கு விளக்கம் சொல்லும் பாரம் முழுக்க ஒரு தாதியின் தலையில் விழுகிறது. உணவும் தண்ணீரும் துப்புரவும் வலிநிவாரணமும் வேறு வகை. அவற்றை நிறுத்தக்கூடாது என்பதே வட அமெரிக்க இஸ்லாமிய மருத்துவச் சங்கம் போன்ற அமைப்புகளின் நிலைப்பாடு. அருணாவின் வழக்கில் தாதியர் உள்ளுணர்வால் பிடித்துக்கொண்ட எல்லையும் இதுதான்.

இன்னொன்று. காயத்தின் வலி தாங்காமல் அவசரப்பட்டுவிட்ட மனிதரைப் பற்றிய ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறோம். துஃபைல் இப்னு அம்ர் அவர்களோடு ஹிஜ்ரத் செய்து வந்தவரின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மதீனாவில் நோயுற்று, தாங்கமுடியாமல் தன் கைகளைக் காயப்படுத்தி அவர் இறந்தார். துஃபைல் அவரைக் கனவில் நல்ல தோற்றத்தில் கண்டார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. அதைக் கேட்ட நபியவர்கள் அவருடைய கைகளையும் மன்னிக்குமாறு அல்லாஹ்விடம் கேட்டார்கள். செயலைச் சரி என்று சொல்லவில்லை. மனிதரைக் கைவிடவும் இல்லை. ஏழு இடத்தில் சூடு போட்டுக்கொண்ட கப்பாப் (றழி) அவர்கள், மரணத்தைக் கேட்பது தடுக்கப்படாதிருந்தால் கேட்டிருப்பேன் என்று சொன்னதாகவும் புகாரியில் வருகிறது. ஒரு ஸஹாபியே அப்படிச் சொன்னார் என்றால், கட்டிலில் கிடந்து அதையே சொல்லும் உம்மாவைப் பார்த்து “ஈமான் இல்லாத பேச்சுப் பேசாதீங்க” என்று அதட்டுவதற்கு நாம் யார்?

‘லேசாக்கி விடுங்க’

நமது வார்ட்டுகளில் ஒரு வாசகம் அடிக்கடி கேட்கும்: “ஒரு ஊசியப் போட்டு லேசாக்கி விடுங்களன் மிஸி.” ‘லேசாக்குதல்’ நமது துஆவின் சொல். ஸகராத்தில் இருப்பவருக்கு அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். அதே சொல்லை ஊசியோடு சேர்த்துச் சொல்லும்போது, வலியைக் குறைக்கச் சொல்கிறாரா, ஆளை முடிக்கச் சொல்கிறாரா என்பது சொன்னவருக்கே தெளிவில்லாமல் இருக்கலாம். அனுபவமுள்ள தாதி உடனே மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். “என்ன கஷ்டமா இரிக்கி?” என்று கேட்பார். வலியா, மூச்சா, நித்திரையின்மையா, பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டோம் என்ற வெட்கமா? அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது.

ஆனால் பல வேளை கேட்க வேண்டியவரிடம் கேட்கவே விடுவதில்லை. “வாப்பாட்ட கென்சர் எண்டு சொல்லிராதீங்க டொக்டர், தாங்கமாட்டார்.” அன்பினால்தான் சொல்கிறோம். அந்த அன்பு, ஒரு மனிதன் தன் கடன்களை அடைக்கவும், பேசாமலிருந்த சகோதரனோடு பேசவும், தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கவும் இருக்கும் கடைசி அவகாசத்தைப் பறிக்கிறது. வஸிய்யத்தை எழுதிவைக்காமல் இரண்டு இரவு கழிக்கக்கூடாது என்ற அறிவுறுத்தல் உள்ள சமூகம் நாம். அது மௌத்துக்குப் பிந்திய சொத்துக்கானது என்பது உண்மை. ஆனால் அந்தப் பழக்கத்தை மௌத்துக்கு முந்திய பராமரிப்புக்கும் நீட்டினால் என்ன? யார் என் சார்பில் பேச வேண்டும், எங்கே இருக்க விரும்புகிறேன், எதை எனக்குச் செய்ய வேண்டாம் என்று ஆலிம் ஒருவரிடமும் வைத்தியர் ஒருவரிடமும் ஆலோசித்துக் குடும்பத்துக்குச் சொல்லிவைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

முன்னுதாரணத்துக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரணச் சங்கம் ஒன்று ஆரம்பித்தது. அது பக்கத்து மலப்புறம் மாவட்டத்துக்குப் பரவியபோது வைத்தியர்களின் வேலையாக மட்டும் இருக்கவில்லை. அயல்வீட்டுக்காரர்கள், மாணவர்கள், வியாபாரிகள் பயிற்சி பெற்று வீடுவீடாகப் போனார்கள். சிறு சிறு நன்கொடைகளால் செலவு ஓடியது. மலப்புறம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே ஏற்றது. நமது சுகாதார அமைச்சும் 2019–2023 காலத்துக்கென வலிநிவாரணப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்திருந்தது. திட்டம் கொழும்பில் எழுதப்படலாம். படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் ஒரு வீட்டுப் படுக்கைக்கு அதைக் கொண்டுபோக ஊர் ஆட்கள் வேண்டும். ஒவ்வொரு பள்ளிவாசலோடும் ஜனாஸாவுக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது: குளிப்பாட்ட ஆள், கஃபன் துணி, சந்தூக்கு. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், புண்ணைக் கழுவவும், இராக் கண்விழிக்கும் மகளை ஓர் இரவு தூங்கவைக்கவும் என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஜனாஸாவின் உரிமைக்கு இந்தச் சமூகம் என்ன செய்தது என்பதை நாடே கண்டது. 2020இல் கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தபோது நாம் எழுதினோம், நீதிமன்றம் போனோம், வெள்ளைத் துணி கட்டினோம். 2021 மார்ச்சில் நமது மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில்தான் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை நமது ஊர் வாலிபர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களில் பிற சமயத்தவர்களும் இருந்தார்கள். உயிர் போன உடலுக்கு அவ்வளவு செய்யத் தெரிந்த ஆட்களிடம்தான் இதையும் கேட்க முடியும்.

‘பாரம்’ முடிந்ததும் பார்வையாளன் அந்த மகனைத் திட்டிவிட்டு எழும்பலாம். அது இலகு. ஆனால் அந்த மகனுக்குப் பக்கத்தில் விபரம் சொல்லும் ஒரு தாதியும், வலிக்கு மருந்து தரும் ஒரு கிளினிக்கும், முறை வைத்து வந்துபோகும் நாலு அயலவர்களும் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிப்பது நமக்கு அதிகம் உதவும். ஹராம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் உரிமை நமக்கு இல்லை. சொன்ன கையோடு அந்தக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடிக்கவும் வேண்டும்.